'உறுதி செய்ய இயலவில்லை' என்று எழுதினால் விலை போய்விட்டோமா?

சும்மா இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். லேபிளில் சொன்ன இடத்தில் பிடித்த இறால்தானா என்று சோதித்த லேப் ரிப்போர்ட்டில், 'உறுதி செய்ய இயலவில்லை' என்ற கடைசி வரியை மட்டும் வெட்டிப் போட்டு, "லேப்காரனுக்கு எவ்வளவு கொடுத்தாங்களோ" என்று ஒருத்தர் எழுத, கீழே ஒரே சிரிப்பு. நானும் லேப்காரன்தான்.

மெஷினில் இறாலைப் போட்டால் ஊர்ப் பேர் வராது. எண் வரும். கார்பன், நைட்ரஜன் ஐசோடோப் (ஒரே தனிமத்தில் எடை மாறுபடும் அணுக்கள்) விகிதம் இவ்வளவு, பேரியம் இவ்வளவு, ஆர்செனிக் இவ்வளவு. அதை எதோடு ஒப்பிட? அதே இனம், அதே பருவம், இன்ன இடத்தில் பிடித்தது என்று நமக்கே நிச்சயமாகத் தெரிந்த சாம்பிளோடு. அந்தச் சாம்பிள் இல்லையா, பதிலும் இல்லை.

"டிஎன்ஏ எடுக்க வேண்டியதுதானே?" எடுக்கலாமே! வனாமி இனம் என்று சொல்லும். கிழக்குப் பசிபிக்கைப் பூர்வீகமாகக் கொண்ட அந்த இறாலை இன்று எத்தனையோ நாடுகளில் குளம் வெட்டி வளர்க்கிறார்கள். எந்தக் குளம் என்று டிஎன்ஏவிடம் கேட்டால் பாவம், அது என்ன செய்யும்?

"ஸ்ட்ரான்ஷியம் பார்த்தால் தெரியுமே" என்கிறார் இன்னொரு மேதாவி. ஐயா, அது தண்ணீரில் கரைந்திருக்கும் ஒரு உலோகம்; திறந்த கடலில் எங்கே மொண்டாலும் அதன் இரண்டு ஐசோடோப்களான ஸ்ட்ரான்ஷியம் 87-க்கும் 86-க்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய 0.7092தான். உப்புக் குறைந்த கழிமுகம், நன்னீர் என்றால் அந்த விகிதம் இடத்துக்கு இடம் மாறும்; அங்கே அது பேசும். நடுக்கடலில் வாய் திறக்காது.

அப்போ இந்தச் சோதனையே தண்டமா? அப்படி யார் சொன்னது? தாவர எண்ணெய் கலந்த தீவனம் தின்று வளர்ந்த சால்மன் மீனின் கொழுப்பில், அந்த எண்ணெயிலிருந்து வரும் லினோலெயிக் அமிலம் ஏறிக் கிடக்கும். அதில் 'கடலில் பிடித்தது' என்று லேபிள் ஒட்டினால் மாட்டிக்கொள்வார்கள். பொய்யை உடைக்க இந்தச் சோதனை கெட்டி. உண்மைக்கு முத்திரை குத்தத்தான் சாம்பிள் வேண்டும்.

என் சித்தி மகன்கூட போன் போட்டு, "ஏண்ணே, நேரா எழுதித் தொலைக்க வேண்டியதுதானே?" என்கிறான். என்னடா எழுத? தோல் உரித்து, பாஸ்பேட் உப்புக் கரைசலில் ஊறவைத்து, தண்ணீர் ஏற்றி உறைய வைத்ததை அனுப்பினார்கள் ஒருமுறை. அதில் சோடியம், பாஸ்பரஸ் அளவு கடலுடையதா, ஊறவைத்த தொட்டியுடையதா? உலர்த்தி, அரைத்து, கொழுப்பை நீக்கி, ஒரு மில்லிகிராம்கூட இல்லாத பொடியைக் குட்டித் தகரக் கிண்ணத்தில் நிறுப்போம். இடுக்கி பட்டதும் நிலைமின்சாரத்தில் பொடி துள்ளிப் போய்விடும். மறுபடி முதலிலிருந்து. இதற்குத்தான் 'விலை போனவன்' பட்டம்.

பருவத்துக்குப் பருவம் படகில் ஆள் அனுப்பி ஒப்பீட்டுச் சாம்பிள் எடுக்கக் காசு கேட்டால், "மெஷின்தான் வாங்கித் தந்தாச்சே" என்கிறார்கள். வெறும் மெஷினை வைத்துக்கொண்டு என்ன செய்ய? நேர்மையாக மீன் பிடிக்கிறவன்தான் இதில் அதிகம் அடிபடுகிறான்; அவன் சரக்குக்கும் எங்களால் முத்திரை குத்த முடியவில்லை. அவனுக்காக யாராவது ஒரு ஸ்மைலியாவது போட்டீர்களா?

டேக் செய்து திட்டுகிறவர்களை பிளாக் செய்யப்போகிறேன். பிடித்த இடம், தேதி குறித்துச் சாம்பிள் தர ஆள் தெரிந்தவர்கள் இன்பாக்ஸுக்கு வாங்க.