இரை வைத்து அழைக்காமல், விலங்கு நடக்கும் வழியில் காத்திருப்போம்

மரங்கள் அடர்ந்த நிலத்தில், விலங்கு வந்தால் தானே படமெடுக்கும் தானியங்கிக் கேமராவைப் பொருத்தும் நண்பர்கள் பலரும் என்னிடம் கேட்பது, நரியையும் காட்டுப்பூனையையும் சிறுத்தையையும் கேமராவின் முன் வரவழைக்க எதை வைக்கலாம் என்பதுதான். இறைச்சியை வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நானே வைத்துப் பார்த்து வருந்தியவன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

கேமரா வாங்கிய புதிதில் கோழிக் கழிவை ஒரு மரத்தடியில் கொட்டி வைத்தேன். இரண்டாம் இரவே நரி வந்துவிட்டது. அன்று எனக்கிருந்த மகிழ்ச்சிக்கு அளவே இல்லை. சில வாரங்களின் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் மனம் உறுத்தத் தொடங்கியது. முதலில் நள்ளிரவுக்குப் பிறகு தயங்கித் தயங்கி வந்த நரி, பிறகு இருட்டியதுமே வரத் தொடங்கி, கடைசியில் பட்டப்பகல் வெளிச்சத்தில் அதே மரத்தடியில் உட்கார்ந்து, நான் நடந்து வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தது. மனித வாடையைச் சோற்றின் வாடையாகக் கற்றுக்கொண்ட விலங்கு அடுத்த மனிதரையும் அப்படித்தான் நெருங்கும். அவர் கையில் இருப்பது உணவாக இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

அந்தப் படங்களில் நரிக்குப் பின்னால் நாய்களும் வந்திருந்தன. தனித்தனியே திரியும் விலங்குகளை ஒரே குவியலில் வாய் வைக்கச் செய்தால், நோய் கைமாறுவதற்கு நாமே இடம் அமைத்துக் கொடுத்தவர்களாகிறோம். நரிகளின் முடியை உதிர்த்துக் கொல்லும் சொறிநோய், உடலோடு உடல் உரசுவதாலும் படுத்த இடத்தாலும் பரவக்கூடியது. நாய்களுக்கு வரும் டிஸ்டம்பர் வைரஸ் 1994இல் தான்சானியாவின் செரங்கெட்டிச் சிங்கங்களைத் தாக்கியபோது, அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாண்டுபோயின.

வாசனையை மட்டும் தடவினால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். அது வேலை செய்யும் என்பதை நான் மறுக்கவில்லை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவில் 2003இல் பல நறுமணத் திரவியங்களைச் சிவிங்கிப்புலிகளிடம் சோதித்தபோது, கால்வின் கிளைனின் ‘அப்செஷன் ஃபார் மென்’ அவற்றை வெகுநேரம் பிடித்து வைத்தது. பின்னர் குவாத்தமாலாக் காடுகளில், சிறுத்தை போன்ற புள்ளிகளுள்ள ஜாகுவார்களைக் கேமராவின் முன் நிறுத்தவும் அதையே பயன்படுத்தினார்கள். உடலின் புள்ளிகளைக் கொண்டு ஒவ்வொரு விலங்கையும் அடையாளம் காண வேண்டிய ஆய்வாளருக்கு அது சில நொடிகளேனும் நின்றாக வேண்டும். தெளிவான கேள்வியோடு, குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் அவர் செய்வதை நான் ஏற்கிறேன். ஒரு நல்ல படத்துக்காக மட்டும் நாம் அதைச் செய்வது எனக்கு உடன்பாடில்லை. இந்த விலங்குகளுக்கு வாடை என்பது எல்லைக்கல் போன்றது. தன் எல்லைக்குள் அன்னிய வாடை ஒன்று புதிதாக வந்து நின்றால், வேட்டைக்குச் செலவிட வேண்டிய இரவை விலங்கு அந்த வாடையைத் தேடுவதிலும் அதன்மேல் தன் வாடையைப் பூசுவதிலும் செலவிடக்கூடும்.

உண்மையில் அழைக்க வேண்டிய தேவையே இல்லை. 1920களில் இந்தியாவில் வனத்துறை அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன், புலிகள் நடக்கும் பாதையின் குறுக்கே, கால் பட்டதும் படம் விழும்படி இழை கட்டி இரவுப் படங்களை எடுத்தார். 1990களில் புலி ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் கர்நாடகத்தின் நாகரஹொளேயில் உடல் வரிகளைக் கொண்டு புலிகளைக் கணக்கிட்டபோதும், கேமராக்கள் புலிகள் வழக்கமாக நடக்கும் பாதைகளில்தான் நின்றன. வேட்டையாடும் விலங்குகளும் நம்மைப் போலவே எளிய வழியை விரும்புபவை. ஒற்றையடிப் பாதைகள் கூடும் இடம், ஓடையின் மேல் விழுந்து கிடக்கும் மரம், வேலியின் அடியில் மண் வழுவழுப்பாகத் தேய்ந்த இடைவெளி ஆகியவற்றைப் பாருங்கள். நான் கேமராவை இடம் மாற்றியதற்குக் காரணம் ஒரு தட்டைக் கல். அதன் உச்சியில் நரியின் எச்சம் கிடந்தது. உலர்ந்து வெளுத்த பழைய எச்சத்தின் மேலேயே ஈரம் காயாத புதியது, அதில் எலி முடியும் பளபளக்கும் வண்டுச் சிறகும் தெரிந்தன. அந்தக் கல்லைத் தேடி அது மறுபடியும் வரும் என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை.

கேமராவை முழங்கால் உயரத்தில் கட்டி, பாதைக்குச் சாய்வாகத் திருப்பி வையுங்கள். வெப்பமுள்ள உடல் குறுக்காக நகரும்போதுதான் அதன் உணரி விரைந்து விழித்துக்கொள்கிறது, நேரெதிரே வந்தால் பல நேரங்களில் பிந்திவிடுகிறது. முன்னாலுள்ள புல்லை வெட்டாவிட்டால் அசையும் புல்லின் படங்களே கேமராவின் நினைவக அட்டையை நிரப்பிவிடும். இருட்டில் படமெடுக்கக் கேமராவில் உள்ள அகச்சிவப்பு விளக்கின் அலைநீளம் 850 நானோமீட்டர் என்றால் அது மங்கலான சிவப்பாகத் தெரியும். 940 தெரிவது மிகவும் அரிது, ஆனால் எட்டும் தொலைவு குறைவு. மிரளும் விலங்குக்காக அந்தக் குறைவை நான் ஏற்றுக்கொண்டேன். வாரந்தோறும் அட்டையை எடுக்க ஓடும் பழக்கத்தையும் விட்டேன். நம் வாடை குறையக் குறையப் படங்கள் கூடின.

கல்லின் எதிரே வைத்த கேமராவில் பதினாறு இரவுகள் எதுவும் பதியவில்லை. பதினேழாம் இரவில் நரி வந்து, கல்லை முகர்ந்து, வாலைத் தூக்கித் தன் அடையாளத்தை வைத்துவிட்டு, கேமராவின் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பாமல் தன் வழியே போனது.