மிச்சிகனுக்குப் பிறகு நடந்ததையும் எழுதுங்கள்

அமெரிக்கன் ஃபுட்பால் கல்லூரிப் போட்டியில், 2007-இல் கீழ்ப் பிரிவைச் சேர்ந்த அப்பலாச்சியன் ஸ்டேட் அணி மேல் பிரிவின் மிச்சிகனை 34-32 என்று வீழ்த்தியதைப் பற்றிய உங்கள் கட்டுரை அந்த வெற்றியோடு முடிந்துவிட்டதில் எனக்கு மனக்குறைதான். ஒரு லட்சம் பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க, கடைசி நொடிகளில் மிச்சிகன் உதைத்த ஃபீல்டு கோலை (கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி) அப்பலாச்சியனின் கோரி லின்ச் பாய்ந்து தடுத்தார். சரி, அது எல்லோருக்கும் தெரியும்.

அப்புறம் இதே அணி வோஃபர்டிடமும் ஜார்ஜியா சதர்னிடமும் தோற்றது. அந்தக் கீழ்ப் பிரிவான எஃப்சிஎஸ்-இன் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றில் அப்போது 16 அணிகள். ஒரு முறை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். சொந்த ஊரான பூன் நகரில் முதல் சுற்று, அப்பலாச்சியனுக்கு 28-27 என்று ஒரே ஒரு புள்ளி முன்னிலை. எதிரணி ஜேம்ஸ் மேடிசன் கோல் கோட்டை நெருங்கிவிட்டது. அரை நிமிடம்கூட இல்லை, அவர்கள் ஜெயிக்க ஒரு சின்ன உதை போதும். அவர்களோ இன்னொரு முறை பந்தோடு ஓடினார்கள். பந்து கை நழுவியது, அப்பலாச்சியன் பாய்ந்து எடுத்துக்கொண்டது! இப்போது நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது.

அரையிறுதியில் ரிச்மண்டுக்கு எதிராக அணியின் தாக்குதலை வழிநடத்தும் குவாட்டர்பேக் அர்மான்டி எட்வர்ட்ஸ் பந்தோடு ஓடியே 313 கெஜம் எடுத்தார். இறுதியில் டெலவேரை 49-21 என்று வென்று, 2005 முதல் தொடர்ந்து மூன்றாவது பட்டம். மிச்சிகன் ஆட்டத்தைவிட எனக்கு அந்த மூன்றாவது கோப்பைதான் உசத்தி.