384 பேரைக் கேட்டுட்டு வா என்றவர்களுக்கு

போன ஞாயிறு மண்டபத்தில் நடந்தது மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் தெரியாதவர் இல்லை. கிளிப் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றி, ஈப்போவில் இருக்கும் என் மாமி வரைக்கும் போய்விட்டது. அதனால் கதையை முழுதாகத் திரும்பச் சொல்லவில்லை. தெரியாதவர்களுக்கு ஒரே வரி: பன்னிரண்டு பாட்டிகளைப் பேட்டி கண்டு நான் செய்யும் முனைவர் ஆய்வை மேடையில் இருந்த ஓர் அண்ணன் கேலி செய்தார், "384 பேரைக் கேட்டுட்டு வா" என்றார்கள். "அங்கேயே எழுந்து பதில் சொல்லியிருக்கலாமே" என்கிறவர்களுக்கு மட்டும்: மைக் என் கையில் இல்லை. வைத்திருந்தவர் கொடுக்கவும் இல்லை.

"பன்னிரண்டு பாட்டிங்ககிட்ட கதை கேட்டா பிஎச்டியா? எங்க பாட்டி தினமும் கதை சொல்லுச்சு, அப்போ எனக்கு எத்தனை பிஎச்டி?"

நல்ல ஜோக்தான் அண்ணன். அரங்கமே சிரித்தது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த என் அம்மாவும், என்ன ஏதென்று தெரியாமல், மரியாதைக்குச் சிரித்தார்.

கோபத்தில் எழுதவில்லை. சரி, கொஞ்சம் கோபம்தான். ஆனால் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்பதை ஆய்வின் கேள்வி முடிவு செய்யும். மேடையில் இருப்பவர் முடிவு செய்ய மாட்டார்.

அந்த 384 எங்கிருந்து வந்தது? நம் நாட்டில் முதுகலை முடித்த யாரைக் கேட்டாலும் இந்த எண்ணைச் சொல்வார்கள். 1970இல் கிரெஜ்சி, மோர்கன் என்ற இருவர் போட்ட அட்டவணை. மக்கள்தொகை பத்து லட்சம் என்றால் 384 பேர் போதும் என்கிறது. எதற்குப் போதும்? அந்தக் கூட்டத்தில் எத்தனை சதவீதம் பேர் "ஆம்" என்பார்கள் என்று ஐந்து சதவீதம் முன்பின்னாகக் கணிப்பதற்கு. அதுவும் அந்த 384 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்திருந்தால். அட்டவணை மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. என் முதுகலை ஆய்வே அதை வைத்துச் செய்ததுதான். கேள்வித்தாள், ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பிடச் சொல்லும் லைக்கர்ட் அளவுகோல், எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள் எல்லாம் பார்த்தாயிற்று. ஆகவே "கணக்கு வராதவங்கதான் குவாலிட்டேட்டிவ் பக்கம் ஓடுவாங்க" என்று, என்னைப் போல எண்ணுக்குப் பதில் பேச்சைக் கேட்டு ஆய்வு செய்கிறவர்களைப் பற்றிக் கமெண்ட் போட்ட தம்பி, உங்கள் ரிக்ரெஷன் கணக்கில் எங்காவது மாட்டிக்கொண்டிருந்தால் வீட்டுக்கு வாங்க, உட்கார்ந்து பார்ப்போம்.

இப்போது என் கேள்வி வேறு. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி, தோட்டம் கைமாறியதும் டவுன் அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்த பெண்கள், அந்த மாற்றத்தை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள்? இதற்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை கட்டம் போட்டுக் கொடுத்தால், பாவம், "பிள்ளை படிக்குது" என்று எனக்காக எல்லாவற்றுக்கும் மூன்றில் வட்டம் போட்டுத் தருவார்கள். பேட்டி முடிந்து நான் எழுந்திருக்கும்போது, தேத்தண்ணி கலக்கிக்கொண்டே ஒரு வரி சொல்வார்கள் பாருங்கள், அது எந்தக் கட்டத்திலும் விழாது.

ஓர் உதாரணம். சொல்ல அனுமதி வாங்கியிருக்கிறேன், ஆளை அடையாளம் காண முடியாதபடி மாற்றியும் இருக்கிறேன். ஒருவர் சொன்னார், "மழை பேஞ்சா வெட்டு இல்ல. வெட்டு இல்லன்னா சம்பளம் இல்ல." நமக்கெல்லாம் தெரிந்ததுதான். பட்டை ஈரமாக இருந்தால் கத்தி வைக்க முடியாது, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் விழும் பாலும் மழைத்தண்ணீரோடு வழிந்துவிடும். வருமான இழப்பு என்று ஒரு குறியீட்டை, அதாவது அந்த வரியின் பொருளுக்கு ஒரு பெயரை, போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம். ஆனால் அதே ஆள் அரை மணி நேரம் கழித்து, எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது, "சின்னதுல எங்களுக்கு மழைன்னா உசுரு. கண்ண முழிச்சா அம்மா பக்கத்துலயே படுத்திருக்கும். ஆயாக் கொட்டகைக்குப் போக வேணாம்" என்றார். தாய்மார் வெட்டுக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம் அது.

ஒரே மழை, ஒரே வாய். சம்பளத்தைப் பிடுங்கியதும் அம்மாவைக் கொடுத்ததும் அதே மழைதான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த பாட்டியிடம் என்ன கேட்க வேண்டும் என்றே எனக்குத் தெரிந்தது. 1967இல் கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் எழுதியது இதைத்தான். எல்லாத் தரவையும் திரட்டி மூட்டை கட்டிவிட்டு அப்புறம் அலசாதே. திரட்டும்போதே அலசு, ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடு, அடுத்து யாரைத் தேடிப் போவது என்பதை அந்த ஒப்பீடு சொல்லட்டும். இந்த முறை அவர்களுக்கு உருவானது கலிபோர்னியா மருத்துவமனைகளில், சாகப்போகிற நோயாளிகளையும் அவர்களைப் பார்த்துக்கொள்கிற தாதியரையும் கவனித்து. அங்கே யாரும் மைக்கைப் பிடித்து "எங்க தாத்தாகூடத்தான் செத்தாரு" என்று ஜோக் அடித்ததாகத் தெரியவில்லை.

"அதுக்குன்னு பன்னிரண்டு போதுமா?" போதாமலும் போகலாம். புதிதாகச் சொல்ல ஏதாவது வந்துகொண்டே இருந்தால் பதின்மூன்றாவது ஆளையும் கேட்பேன். ஆனால் இந்த எண் நான் சோம்பேறித்தனத்துக்குக் கண்டுபிடித்ததும் இல்லை. கானா, நைஜீரியா இரண்டு நாடுகளிலும் மொத்தம் 60 பெண்களைப் பேட்டி கண்டு கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் என்ற மூவர் 2006இல் எழுதிய கட்டுரை இருக்கிறது. முதல் பன்னிரண்டு பேட்டிகளுக்குள்ளேயே பெரும்பாலான குறியீடுகள் வந்துவிட்டன என்றார்கள். ஏறக்குறைய ஒரே மாதிரி ஆட்களை, ஒரே மாதிரிக் கேள்வியோடு கேட்டால் இப்படி. அந்த நிபந்தனையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால் அதுவும் இன்னொரு 384 ஆகிவிடும். எனக்கும் அது தெரியும். திரும்பவும் சொல்கிறேன், கேள்விதான் முடிவு செய்யும்.

"கோப்பிக்கடையில உட்கார்ந்து பேசுறதுதானே" என்று இன்னொருவர். வாங்க, ஒரு மணி நேர ஒலிப்பதிவைத் தருகிறேன், எழுத்தாக்கிக் கொடுங்கள். ஒரு நாள் முழுக்க ஓடிவிடும். பாதி தமிழ், பாதி பசார் மலாய் என்ற சந்தைப் பேச்சு, நடுவில் வெற்றிலை, பின்னால் பக்கத்து வீட்டு டிவி. அப்புறம் வரிவரியாகக் குறியீடு, ஒவ்வொன்றுக்கும் ஏன் அப்படிப் போட்டேன் என்று தனிக் குறிப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரில் இருப்பவர் பேச்சை நிறுத்தி யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்கப் பழக வேண்டும். நம்ம ஊரில் வளர்ந்தவளுக்கு அது லேசான காரியமா?

சரி, நியாயமான கேள்விக்கு வருகிறேன். "சொந்த ஊர், சொந்த சனம். பாரபட்சம் வராதா?" வரும். என் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்தான். நான் உள்ளே போனதும் யாரோ ஒருவர் "நம்ம புள்ள" என்கிறார். அதனாலேயே சில விஷயம் சொல்கிறார், அதனாலேயே சிலதை மறைக்கவும் செய்வார். என் அம்மாவுக்குப் போய்விடுமே என்ற பயம் அவருக்கு. இதை மூடி மறைக்க முடியாது, எழுதித்தான் ஆக வேண்டும். யார் கேட்டாள், அவள் யார் வீட்டுப் பெண், எந்த இடத்தில் பேச்சு மாறியது, எல்லாம் ஆய்வேட்டிலேயே இருக்கும். கேள்வித்தாளில் பாரபட்சமே இல்லை என்று நினைக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: அந்தக் கேள்விகளை யார் எழுதினார்கள், வானத்திலிருந்தா விழுந்தன?

"வயசானவங்களுக்கு ஞாபகம் தப்பும்." உங்களுக்குத் தப்பாதா?

உண்மையில் என்னைச் சுட்டது பாட்டி ஜோக் இல்லை. அதற்கப்புறம் நடந்தது. "யாரு அந்தப் பாட்டிங்க? பேரைச் சொல்லு பார்ப்போம்" என்று கேட்டார்கள். சொல்ல மாட்டேன் என்றேன். உடனே, நான் ஆளே இல்லாமல் கதை கட்டுகிறேன் என்பதுபோல ஒரு சிரிப்பு. பின் வரிசையிலிருந்து ஒருவர் இரண்டு பெயர்களைச் சொல்லி "அவங்கதானே, அவங்கதானே" என்று ஊகிக்க ஆரம்பித்துவிட்டார். கிளிப்பில் அது தெளிவாகக் கேட்கிறது. அந்தப் பெயர்கள் சரியா தவறா என்று நான் இங்கேயும் சொல்லப் போவதில்லை. பெயர் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் அவர்கள் வீட்டுக்குள் போனேன். பெரிய நகரத்தில் புனைபெயர் போட்டால் போதும். இங்கே "மூத்த மகன் சிங்கப்பூரில்" என்று எழுதினாலே எந்த பிளாக், எந்த மாடி என்று சொல்லிவிடுவார்கள்.

ஒப்புதல் படிவம் நீட்டியபோது ஒருவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "கையெழுத்தா? இதுக்கு முன்ன ஒரு கடுதாசியில வச்சேன், லயத்து வீடு போச்சு." பேப்பரை மடித்துப் பையில் வைத்தேன். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவிடம் வாய்மொழி ஒப்புதலைப் பதிவு செய்துகொள்ள முன்பே அனுமதி வாங்கியிருந்ததால் அப்படிச் செய்தோம். இந்த ஒரு வரிக்கே நான் ஓர் அத்தியாயம் எழுதலாம். ஆனால் மண்டபத்தில் இதுவெல்லாம் அரட்டை.

யோசித்துப் பார்த்தால், நம்மை எண்ணியவர்கள் குறைவா? பெரட்டுக் களத்தில் விடியுமுன் பேர் கூப்பிட்டு எண்ணினார்கள். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் நாளை எண்ணினார்கள். வெட்டிய பாலை நிறுத்து, தோட்டத்து எழுத்தரான கிராணி எழுதினார். தோட்டத்து ஆப்பிஸ் கணக்கில் எண்ணுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. இதே ஊர்ப் பக்கம், 1948 ஜூன் 16ஆம் தேதி எல்ஃபில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலும் மூன்று துரைமார் சுட்டுக்கொல்லப்பட்டு, அன்றைய மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அந்த மூவரின் பெயரும் வரலாற்றுப் புத்தகங்களில் இருக்கிறது. அன்றைக்குக் காலையில் அதே காட்டில் வாளியோடு நின்ற பெண்கள் என்ன நினைத்தார்கள்? அவர்களில் இப்போது யாரும் கிடைக்க மாட்டார்கள். கேட்க வேண்டிய காலத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இனி 384 என்ன, ஒருவரைக்கூடக் கேட்க முடியாது. லயத்தில் கடைசியாக வாழ்ந்த தலைமுறை இப்போது அடுக்குமாடியில் லிப்ட் வேலை செய்யாமல் உட்கார்ந்திருக்கிறது. அவர்களிடம் போனால் "பாட்டி கதை" என்கிறீர்கள். மேடையில் மட்டும் நம் முன்னோர் சிந்திய வியர்வை, ரத்தம் என்று உங்களுக்குத் தொண்டை அடைக்கும்.

கிளிப்பைப் பற்றி: குழு நிர்வாகிகள் நீக்கிவிடுங்கள். எனக்காக இல்லை, அதில் வரும் அந்த இரண்டு பெயர்களுக்காக.

இவ்வளவு நீளமாக எழுதக் காரணம் வேறு. அந்த அரங்கில் அடுத்த வருடம் முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கிற ஒரு தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். செம்பனைத் தோட்டத்துப் பையன்கள் ஏன் பாதியில் பள்ளியை விடுகிறார்கள் என்று, அவர்கள் வாயாலேயே கேட்டு எழுத வேண்டும் என்பது அவள் திட்டம். அன்றைக்கு இரவு மெசேஜ் வந்தது: "அக்கா, நான் கேள்வித்தாளுக்கே மாத்திக்கவா?" எத்தனை பேர் விட்டார்கள் என்பது உன் கேள்வியானால் தாராளமாக மாற்று, எஸ்.பி.எஸ்.எஸ்ஸில் நானே கூட உட்காருகிறேன் என்று எழுதினேன். எப்படி, என்ன நடந்து விட்டார்கள் என்பது கேள்வியானால் மாற்றாதே என்றும் எழுதினேன்.

அவள் மேற்பார்வையாளர் சொல்லி மாற்றினால் எனக்கு ஒரு வார்த்தை இல்லை. நூல்களைப் படித்துவிட்டு மாற்றினாலும் சரி. ஒரு மண்டபம் சிரித்ததற்காக ஒரு பிள்ளை தன் கேள்வியையே கைவிடுகிறாள் என்றால், அதற்கு யார் பொறுப்பு, அண்ணன்?