என் கைக்கு வராத பணத்துக்கு என் கடைக்கு ஏன் ஒற்றை நட்சத்திரம்?

இணையச் சந்தையில் பொருள் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு நேரும் அநியாயங்களில் எனக்கு மிகுந்த ஆத்திரத்தை மூட்டுவது எது என்று கேட்டால், தயங்காமல் சொல்வேன்: டெலிவரி கட்டணத்துக்காக விற்பவரின் மதிப்பெண்ணைக் குறைப்பதுதான். வாங்குபவர் செலுத்தும் அந்தக் கட்டணத்தில் ஒரு ரூபாய்கூட என்னிடம் தங்குவதில்லை. அதைக் கணக்கிடுவது விற்பனைத் தளம், வசூலிப்பதும் அதே தளம், கடைசியில் பெற்றுக்கொள்வது கூரியர் நிறுவனம். ஆனால் "பொம்மை அருமை, டெலிவரி சார்ஜ் கொள்ளை" என்று எழுதி ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டால், அது போய் ஒட்டிக்கொள்வது என் கடையின் பெயரில்.

நான் விற்பது கொலு பொம்மைகள். விளாச்சேரியிலும் பண்ருட்டியிலும் காஞ்சிபுரத்திலும் கைவினைஞர்கள் செய்யும் களிமண் பொம்மைகளையும் காகிதக்கூழ் பொம்மைகளையும் வாங்கி, பெங்களூரிலும் மும்பையிலும் டெல்லியிலும் இருக்கும் குடும்பங்களுக்கு அனுப்புகிறேன். காகிதக்கூழ் பொம்மை கைக்கு லேசாக இருக்கும். ஓர் அடி உயரமுள்ள பொம்மை ஒன்று அறுநூறு கிராம்கூட இருக்காது. வாங்குபவர் அந்த அறுநூறு கிராமை மனத்தில் வைத்துத்தான் கட்டணத்தைப் பார்க்கிறார், அதிர்கிறார். அவருடைய அதிர்ச்சி எனக்குப் புரிகிறது. ஆனால் கூரியர் நிறுவனங்கள் உண்மையான எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து, பெருக்கி, 5000ஆல் வகுத்து ஒரு கன அளவு எடையைக் கண்டுபிடிக்கிறார்கள். உண்மை எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். அந்தப் பொம்மை உடையாமல் போய்ச் சேர, சுற்றிலும் பபிள் ராப் வைத்து 30 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் 40 சென்டிமீட்டர் உயரமும் உள்ள பெட்டி வேண்டும். கணக்குப் போட்டால் 7.2 கிலோ வருகிறது. அரைக் கிலோ படிகளாகக் கட்டணம் ஏறும் இடங்களில் அது 7.5 கிலோ ஆகிவிடுகிறது. அறுநூறு கிராம் பொம்மைக்கு ஏழரைக் கிலோவுக்கான கட்டணம், அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி!

சரி, பெட்டியைச் சிறிதாக்கலாமே என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியைச் சிறிதாக்கினால் பிள்ளையாரின் தும்பிக்கை உடையும். கிருஷ்ணரின் புல்லாங்குழல் ஒடியும். செட்டியார் பொம்மையின் கழுத்து இற்றுப்போகும். அப்போது வரும் விமர்சனம் "உடைந்த பொருளை அனுப்பி ஏமாற்றிவிட்டார்கள்" என்பதாக இருக்கும், நட்சத்திரம் மட்டும் அதே ஒன்றுதான். பெரிய பெட்டியில் அனுப்பினால் கட்டணத்துக்காகத் திட்டு, சிறிய பெட்டியில் அனுப்பினால் சேதத்துக்காகத் திட்டு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இணையச் சந்தையின் சிறு விற்பனையாளர் நிலை இதுதான்.

டெலிவரி கட்டணத்தைப் பொருளின் விலையிலேயே சேர்த்து "இலவச டெலிவரி" என்று போட்டுவிடலாமே என்ற யோசனையும் அடிக்கடி வருகிறது. அப்படிச் செய்தால் விலை உயர்ந்து காட்டும். குறைந்த விலை முதலில் வருமாறு வரிசைப்படுத்திப் பார்ப்பவர் கண்ணில் என் பொம்மை படவே படாது. அதோடு, நான் விற்கும் தளத்தின் கமிஷன் விலைமேல் விழுக்காட்டுக் கணக்கில் கழிகிறது. ஆகவே கூரியருக்குப் போகவேண்டிய பணத்தை விலைக்குள் வைத்தால், அந்தப் பணத்துக்கும் நான் கமிஷன் கட்டவேண்டும், கமிஷன்மேல் ஜிஎஸ்டியும் கட்டவேண்டும். தொலைவுக்குத் தொலைவு கட்டணம் மாறும்போது எந்த ஊருக்கான செலவை விலையில் சேர்ப்பது? டெல்லிக்கான செலவைச் சேர்த்தால், பக்கத்து ஊரில் இருப்பவர் டெல்லிக்காரரின் கூரியர் செலவைச் சுமக்கவேண்டும். இது எந்த வகையில் நியாயம்?

இந்த மதிப்பீட்டு முறை எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தால் கோபம் இன்னும் கூடுகிறது. அமெரிக்க இணையச் சந்தையான ஈபே 2007இல் விற்பவர்களுக்கான விரிவான நட்சத்திர மதிப்பீட்டைக் கொண்டுவந்தது. பொருள் விவரித்தபடி இருந்ததா, விற்பவர் ஒழுங்காகப் பதில் சொன்னாரா, விரைவாக அனுப்பினாரா, அஞ்சல் மற்றும் பேக்கிங் செலவு நியாயமானதா என்று நான்கு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நட்சத்திரம். அடுத்த ஆண்டே, வாங்குபவரைப் பற்றி விற்பவர் எதிர்மறையாக மதிப்பிடும் உரிமையை அந்தத் தளம் எடுத்துவிட்டது. அஞ்சல் செலவுக்கென்று தனிக் கேள்வி வைத்ததற்கு அன்று ஒரு காரணம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. பொருளின் விலையை ஒரு சென்ட் என்று போட்டு, லாபம் முழுவதையும் அஞ்சல் செலவுக்குள் ஒளித்துவைத்த விற்பனையாளர்கள் உண்மையிலேயே இருந்தார்கள். அப்படிச் செய்தால் கமிஷனிலிருந்தும் தப்பிக்கலாம். அதனால்தான் 2011இல் அமெரிக்காவில் அஞ்சல் செலவின்மீதும் ஈபே கமிஷன் விதித்தது. ஏமாற்றியவர்களை மடக்கப் போட்ட விதி, நேர்மையாக அனுப்பியவர்களின் அஞ்சல் பணத்திலும் பங்கு கேட்டது.

அன்று அஞ்சல் செலவைத் தீர்மானித்தவர் விற்பவர், எனவே அதற்கு அவரை மதிப்பிட்டார்கள். இன்று என்னைப் போன்றவர்கள் விற்கும் தளத்தில் கட்டணத்தைத் தீர்மானிப்பது தளத்தின் அட்டவணை. கூரியர் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது தளம். லேபிளை அச்சிட்டு ஒட்டுவதும் பிக்கப்புக்குப் பெட்டியைத் தயாராக வைப்பதும் மட்டுமே என் வேலை. கட்டணத்தை ஒரு ரூபாய் கூட்டவோ குறைக்கவோ எனக்கு வழியே இல்லை. தீர்மானிக்கும் அதிகாரத்தை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள், அதற்கான பழியை மட்டும் என்னிடமே விட்டுவைத்திருக்கிறார்கள். பழைய முறையிலாவது அஞ்சல் செலவுக்கு என்று தனி நட்சத்திரம் இருந்தது; பொருள் நன்றாக இருந்தால் அதற்கான மதிப்பெண் கெடாது. இப்போது எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஐந்து நட்சத்திரம். பொம்மையின் முகக்களையைப் பாராட்டிவிட்டு, கூரியரைத் திட்டிவிட்டு, இரண்டுக்கும் சேர்த்து ஒன்று போட்டுவிட்டுப் போகிறார்கள்.

அந்த ஒரு நட்சத்திரம் சிறு வியாபாரியை எப்படி அடிக்கிறது என்பதை வாங்குபவர்கள் தயவுசெய்து எண்ணிப் பார்க்கவேண்டும். ஆயிரம் மதிப்பீடுகள் பெற்ற பெரிய விற்பனையாளருக்கு, மற்றவை எல்லாம் ஐந்தாக இருக்க ஒரே ஒரு ஒற்றை நட்சத்திரம் விழுந்தால் சராசரி 4.996; திரையில் அது ஐந்தாகவே தெரியும். பத்தே மதிப்பீடுகள் உள்ள கடைக்கு அதே ஒற்றை நட்சத்திரம் விழுந்தால் சராசரி 4.6. கொலு பொம்மை வியாபாரம் ஆண்டு முழுவதும் நடப்பதில்லை. ஆடியில் தொடங்கி நவராத்திரிக்குள் முடிந்துவிடுகிறது. மதிப்பீடு எழுதுபவர்களும் மிகச் சிலர்தான். மனநிறைவோடு பொம்மையைப் படியில் வைத்துவிட்டவர் பெரும்பாலும் எதுவும் எழுதுவதில்லை. கோபம் வந்தவர் கட்டாயம் எழுதுகிறார். பருவத்தின் தொடக்கத்தில் மதிப்பெண் இறங்கினால், தேடலில் கடை கீழே போய்விடுகிறது, அந்த ஆண்டு அதோடு முடிந்தது.

இதற்கிடையில், பார்சல் போய்ச் சேர்ந்த பிறகு "உங்கள் பெட்டியை மீண்டும் அளந்தோம், எடை அதிகம்" என்று கூடுதல் தொகையைக் கழிப்பது தனிக் கொடுமை. தராசின்மேல் பெட்டியை வைத்தும், அளவுநாடாவைப் பிடித்தும் எடுத்த படங்களை அனுப்பினாலும், ஆய்வு முடிந்துவிட்டது என்ற ஒற்றை வரிதான் பதிலாக வருகிறது. கேஷ் ஆன் டெலிவரியில் கேட்டுவிட்டு வீட்டு வாசலில் வேண்டாம் என்று திருப்பி அனுப்புபவர்களால் வரும் செலவைச் சொல்லவே வேண்டாம்.

பழைய புத்தகம் விற்பவர்களும் இதே துன்பத்தைத்தான் அனுபவித்தார்கள். இந்திய அஞ்சல் துறையின் பதிவு செய்யப்பட்ட புத்தக அஞ்சலில் 5 கிலோ புத்தகத்தை 80 ரூபாய்க்கு அனுப்ப முடிந்தது. 2024 டிசம்பரில் அந்தச் சேவையை நிறுத்தினார்கள். 2025 மே மாதம் புத்தகங்களுக்கான ஞான் போஸ்ட் என்ற புதிய அஞ்சல் சேவை வரும்வரை, புத்தகத்தைப் பார்சல் கட்டணத்தில்தான் அனுப்பவேண்டியிருந்தது. அந்த மாதங்களில் அனுப்பும் செலவு உயர்ந்ததற்கு எந்தப் புத்தகக்காரர் காரணம்? கேட்டால் பதில் இல்லை, மதிப்பீட்டுப் பக்கத்தில் மட்டும் "புத்தக விலைக்குச் சமமாகத் தபால் செலவு" என்ற வசை இருக்கும்.

மின்வணிகத்துக்கான நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் 2020இல் வந்தன. மொத்த விலையோடு டெலிவரி, அஞ்சல், கையாளும் கட்டணங்களையும் பிரித்துக் காட்டவேண்டும் என்று அவை சொல்கின்றன. நல்ல விதி. ஆனால் அந்தத் தொகை யாருக்குப் போகிறது என்பதை வாங்குபவருக்கு யாரும் சொல்வதில்லை. என் கடைப் பெயருக்குக் கீழே "டெலிவரி" என்று ஒரு தொகை தெரிந்தால், அது நான் அடிக்கும் லாபம் என்றுதான் எவரும் நினைப்பார். 2022இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய விமர்சனங்களுக்காக ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. அதன் முதன்மையான நோக்கம் போலி விமர்சனங்களைத் தடுப்பது. என்னைக் காயப்படுத்தும் விமர்சனங்கள் போலியானவை அல்ல. உண்மையான வாடிக்கையாளர், உண்மையான கோபத்தோடு, தவறான ஆளைத் திட்டுகிறார்.

இதைச் சரிசெய்ய முடியாது என்று எந்தத் தளமும் சொல்ல வேண்டாம். அமேசான் தன் கிடங்கிலிருந்து தானே அனுப்பும் பொருள்களில், டெலிவரியைப் பற்றி வரும் எதிர்மறைக் கருத்தின் குறுக்கே கோடு போட்டு, இதற்குப் பொறுப்பு நாங்கள் என்று எழுதுகிறது. அங்கே முடிவது, தளமே கூரியரைத் தேர்ந்தெடுத்து, தளமே கட்டணத்தைக் கணக்கிடும் எல்லா இடங்களிலும் முடியும். கட்டணத்தைப் பற்றிய புகாருக்கு மதிப்பீட்டுப் பக்கத்தில் தனி இடம் வையுங்கள். அது விற்பவரின் சராசரியில் சேரக்கூடாது. பெட்டியின் அளவையும் அதற்கு எப்படிக் கட்டணம் வந்தது என்பதையும் பணம் செலுத்தும் முன்பே வாங்குபவருக்குக் காட்டுங்கள். கூரியருக்குப் போகும் தொகையில் கமிஷன் எடுக்காதீர்கள். ஏற்கெனவே விழுந்த மதிப்பெண்ணை எதிர்த்து நாங்கள் அனுப்பும் முறையீட்டுக்கு, விஜயதசமி முடிந்து கொலுப் படியைக் கலைத்த பிறகு பதில் அனுப்பாமல், பருவம் நடக்கும்போதே பதில் சொல்லுங்கள்.