செயினைத்தானே பார்க்கச் சொன்னேன், ஷாக்கை எவன் தொடச் சொன்னான்?

நேற்றிலிருந்து இடுப்பு பிடித்துக் கிடக்கிறேன், அந்தக் கடுப்பில்தான் எழுதுகிறேன். செயினில் சத்தம் கேட்கிறது என்று பைக்கை ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். செயின் மட்டும்தான். எடுக்கப் போனால் மெக்கானிக், “அண்ணே, பின் ஷாக்கையும் நல்லா டைட் வச்சிருக்கேன், இனி எந்த மலையும் கேறும்” என்கிறான். பின்சக்கரத்துக் குலுக்கலைத் தாங்குகிற ஷாக் அப்சார்பரைத்தான் சொல்கிறான். நான் கேட்டேனாடே உன்னிடம்?

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகிற பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு மண்பாதை உண்டு, மழைத்தண்ணீர் அரித்து வேரும் கல்லுமாகத் துருத்திக் கிடக்கும், வாராவாரம் நான் போகிற பாதைதான். நேற்றுக் காலை முதல் வேரிலேயே பின்சக்கரம் கழுதை மாதிரி உதைத்தது, நான் சீட்டில் இல்லை. பால் வெட்டிக்கொண்டிருந்த ஒரு மாமா, “பைய போ மக்கா” என்றார். பையப் போனாலும் அதே உதைதான் மாமா.

வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தால் ஷாக்கின் ஸ்பிரிங்கை அமுக்குகிற 10 படி உள்ள ரிங், இருப்பதிலேயே இறுக்கமான பத்தாவதில் நிற்கிறது! என் எடை 61 கிலோ. பத்தாவது படி, பின்னால் ஆளும் மூட்டையும் ஏற்றுகிறவனுக்கு. ரிங்கை முறுக்கினால் ஸ்பிரிங் கட்டியாகிவிடும் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. சவம், ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான், முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைக்கிறோம், அவ்வளவுதான். அதனால் ஆள் உட்கார்ந்தாலும் வண்டி தாழாது. தாழாவிட்டால், பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்க நீளம் ஏது? அந்தரத்தில் நின்று, அப்புறம் டொக்கென்று விழும். ரிபவுண்ட், அதாவது அமுங்கிய ஷாக் திரும்ப விரிகிற வேகம், அதைக் கூட்டிக் குறைக்க என் ஷாக்கில் வழியே கிடையாது, இருப்பது இந்த ஒரு ரிங், அதையும் இப்படி.

அளந்து பார்க்க ஒரு டேப் போதும். பின்சக்கரம் தரையில் படாமல் வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஆக்சில், அதாவது சக்கரத்தின் நடு அச்சிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு குறி வரைக்கும் அளக்க வேண்டும், பிறகு ஹெல்மெட், ஷூ எல்லாம் போட்டு ஏறி உட்கார்ந்து அதே அளவு. வித்தியாசம், சக்கரம் மொத்தமாக ஏறி இறங்குகிற தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரணும். என் வண்டிக்கு அந்தத் தூரம் 170 மில்லிமீட்டர், அப்போ 55 பக்கம். தம்பி டேப்பைப் பிடித்துக்கொண்டு வாசிக்கிறான்: 31.

சரி, இறக்கலாம் என்றால் ரிங்கின் காடியில் கொக்கி மாதிரி மாட்டித் திருப்புகிற சி ஸ்பேனர் என்னிடம் இல்லை, வண்டி செகண்ட் ஹேண்ட். அந்த மெக்கானிக்கிடமும் இருந்திருக்காது. ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டியிருக்கிறான், ரிங்கில் இரண்டு காடி வாய் பிளந்து கிடக்கிறது, இடையில் செம்மண் வேறு காய்ந்து இறுகியிருக்கிறது. மார்த்தாண்டத்தில் இரண்டு கடை ஏறி இறங்கி ஸ்பேனர் வாங்கி வந்து மாட்டினால், பிளந்த காடியில் வழுக்கி பின்சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மில் விரல் முட்டி இடித்துத் தோல் போனதுதான் மிச்சம். பழைய பிரஷ்ஷும் மண்ணெண்ணெயுமாக அரைமணி நேரம் தேய்த்த பிறகுதான் அசைந்தது. மூன்றாவது படியில் 53. போதும்.

செயின் சத்தம்? அது அப்படியே இருக்கிறது.