ரேம் இரட்டிப்பானால் கேட் (CAD) வேகமும் இரட்டிக்குமா?

"ரேமை 16 ஜிபியிலிருந்து 32 ஆக்கினால் கேட் மென்பொருள் இரண்டு மடங்கு வேகமாகும்" என்று பரவும் தகவல் தவறு. கேட் என்பது பொருட்களையும் அவற்றின் பாகங்களையும் கணினியில் வடிவமைக்கும் மென்பொருள்.

ரேம் போதாதபோது விண்டோஸ் தரவை வட்டிலுள்ள பேஜ் ஃபைலுக்கு மாற்றுகிறது. வட்டு ரேமைவிட மெதுவானது என்பதால், பெரிய அசெம்பிளி (பல பாகங்களை இணைத்த மாதிரி) அப்போது திணறும். பற்றாக்குறை தீர்ந்தபின் சேர்க்கும் ரேம் வேகத்தைப் பெரிதாகக் கூட்டாது. 32 பிட் விண்டோஸில் ஒரு நிரல் பயன்படுத்தக்கூடிய நினைவக முகவரி இடம் வழக்கமாக 2 ஜிபி மட்டுமே. அதனால் பெரிய மாதிரியைத் திறக்கும்போதே மென்பொருள் முடங்கக்கூடியதாக இருந்தது. 64 பிட் அந்தத் தடையை நீக்கியது. அந்த முன்னேற்றம் உண்மையானது.

ஆனால் ஒரு பாகத்தின் அம்சங்களை (துளை, வளைவு போன்றவை) வரிசையாக மறுகணக்கிடும் ரீபில்ட் பெரும்பாலும் ப்ராசஸரின் ஒரே கோரில்தான் (கணக்கிடும் அலகில்) ஓடுகிறது. அங்கே அந்த ஒற்றைக் கோரின் வேகமே முக்கியம்.

உங்களின் மிகப் பெரிய அசெம்பிளியைத் திறந்து டாஸ்க் மேனேஜரில் மெமரியைப் பாருங்கள். 90 சதவீதம் தாண்டி, வட்டும் ஓயாமல் இயங்கினால் ரேம் கூட்டுங்கள். மெமரி பயன்பாடு பாதி அளவிலேயே இருந்தால் பணத்தை ப்ராசஸருக்கு ஒதுக்குங்கள்.