ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர்

மூன்று ஆண்டுகளாக எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. வாரம் ஒருமுறை, வேலை முடிந்து திரும்பும்போது, வழியிலேயே இருக்கும் பெட்ரோல் பங்கில் நிற்காமல், மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இன்னொரு பங்குக்குப் போய்த்தான் காருக்கு பெட்ரோல் போடுவேன். அங்கே விலை இரண்டு சதவீதம் குறைவு. விலை குறைவு என்பதால் வரிசையும் நீளம். ஒவ்வொரு முறையும் தேதி, வண்டி ஓடிய கிலோமீட்டர், போட்ட லிட்டர், கொடுத்த பணம் எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பேன். அப்பாவிடமிருந்து வந்த பழக்கம் அது. அந்த நோட்டைப் பார்க்கும்போதெல்லாம் குடும்பத்துக்கு ஏதோ நல்லது செய்கிறேன் என்ற நிறைவு இருக்கும்.

போன மாதம் ஓர் இரவு அந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு முழுக் கணக்கையும் போட்டேன். ஒரு தடவைக்கு சுமார் 30 லிட்டர் போடுகிறேன். விலை இரண்டு சதவீதம் குறைவு என்றால் 0.6 லிட்டருக்கான பணம் மிச்சம். போக மூன்று, வர மூன்று, ஆக ஆறு கிலோமீட்டர் கூடுதல் ஓட்டம். என் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும். அந்த ஆறு கிலோமீட்டருக்கே 0.4 லிட்டர் எரிந்துவிடுகிறது. கையில் நிற்பது 0.2 லிட்டர். வருடத்துக்கு 50 தடவை என்று வைத்தால் 10 லிட்டர். நேரம்? போக வர, வரிசையில் நிற்க, தடவைக்கு 25 நிமிடம். 50 தடவைக்கு 1,250 நிமிடம். ஏறத்தாழ 21 மணி நேரம்.

பத்து லிட்டருக்கு 21 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர்கூட முழுதாகத் தேறவில்லை.

யாராவது என் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஒரு மணி நேரம் இந்த வரிசையில் நில்லுங்கள், அரை லிட்டர் பெட்ரோல் தருகிறேன்" என்று கூப்பிட்டிருந்தால் நான் போயிருப்பேனா? கதவைச் சாத்தியிருப்பேன். ஆனால் அதே வேலையை யாரும் கூப்பிடாமலே மூன்று ஆண்டுகள் செய்திருக்கிறேன், அதைச் சேமிப்பு என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கணக்கைப் போட வைத்தது ஒரு மாலை நேரம். மகளுக்கு எட்டு வயது. பாட்டு வகுப்பு ஆறரை மணிக்கு முடியும். அன்று பங்கில் வரிசை வழக்கத்தைவிட நீளம். விட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று இரண்டு முறை நினைத்தேன். இவ்வளவு நேரம் நின்றாகிவிட்டது, இன்னும் நாலு வண்டிதானே என்று நின்றேன். நான் போய்ச் சேர்ந்தபோது ஏழு மணி தாண்டிவிட்டது. உள்ளே விளக்கு அணைத்திருந்தார்கள். வாசல் விளக்கு மட்டும் எரிந்தது. அதன் அடியில், படியில், பையை மடியில் வைத்து அதன்மேல் முகவாயை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். ஒரு ஷூவின் லேஸ் அவிழ்ந்து கிடந்தது. அழவில்லை. கோபப்படவும் இல்லை. காரில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "34 வண்டி போய்விட்டது அம்மா. 35-வதுதான் நம்முடையது" என்றாள்.

ஒவ்வொரு வண்டியின் வெளிச்சம் வரும்போதும் அது நான்தான் என்று நினைத்து எண்ணியிருக்கிறாள். அன்று நான் மிச்சம் பிடித்தது 0.2 லிட்டர்.

அன்றைக்குப் பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்த 25 நிமிடத்தை நான் எங்கிருந்து எடுத்தேன்? அலுவலகத்திலிருந்து எடுக்கவில்லை, அங்கே ஒரு நிமிடம் குறைந்தாலும் கேட்பார்கள். தூக்கத்திலிருந்தும் எடுக்கவில்லை, உடம்பு கேட்கும். வாய்திறந்து கேட்காதவர்களின் நேரத்திலிருந்துதான் எடுத்திருக்கிறேன். சின்னச் சின்னச் சேமிப்புக்கான நேரம் எப்போதும் அங்கிருந்துதான் போகிறது. வீட்டில் காத்திருக்கும் குழந்தை, திரும்பிக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி நாம் மறந்துவிட்ட பெற்றோர், படிக்காமல் கிடக்கும் புத்தகம், நடக்காமல் போன நடைப்பயிற்சி. இவர்களோ இவையோ பில் அனுப்புவதில்லை. அதனால் செலவே இல்லை என்று நினைத்துவிடுகிறோம்.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் சுமப்பவரும் நாமே என்றால் கூலியைக் கணக்கில் எழுதுவதில்லை.

நம் மூளை இந்த இடத்தில் எப்படி வழுக்குகிறது என்பதை உளவியலாளர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1981-இல் ஒரு எளிய கேள்வியால் காட்டினார்கள். நீங்கள் 15 டாலருக்கு ஒரு கால்குலேட்டர் வாங்கப்போகிறீர்கள். 20 நிமிடப் பயணத்தில் இருக்கும் இன்னொரு கிளையில் அதே பொருள் 10 டாலர். போவீர்களா? 68 சதவீதம் பேர் போவோம் என்றார்கள். வேறு சிலரிடம் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டார்கள். கால்குலேட்டர் 125 டாலர், அங்கே 120. இப்போது போவோம் என்றவர்கள் 29 சதவீதம்தான். இரண்டிலும் மிச்சம் அதே ஐந்து டாலர். பயணம் அதே 20 நிமிடம். முதல் கேள்வியில் அந்த ஐந்து டாலர் விலையில் மூன்றில் ஒரு பங்கு, அதனால் பெரிதாகத் தெரிகிறது. இரண்டாவதில் 25-இல் ஒரு பங்கு, அதனால் உதறிவிடுகிறோம்.

இதில் எனக்கு உண்மையான வருத்தம் எதிலென்றால், சின்ன விஷயத்துக்கு அலைகிறோம் என்பதில் மட்டும் அல்ல. அலைந்து களைத்துப்போய், பெரிய விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறோம். பெட்ரோல் விலை சாலையோரத்தில் ஆள் உயரப் பலகையில் எழுதியிருக்கிறது. பத்துப் பைசா ஏறினாலும் இறங்கினாலும் கண்ணில் படும். வீட்டுக் கடனின் வட்டி எந்தப் பலகையிலும் இல்லை, எங்கோ ஒரு தாளின் பத்தாவது பக்கத்தில் இருக்கிறது. 20 ஆண்டுக் கடனுக்கு ஒன்பது சதவீத வட்டி கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். அது எட்டரை ஆனால், 20 ஆண்டில் நீங்கள் கட்டும் மொத்தத்தில் மிச்சமாவது, வாங்கிய கடன் தொகையில் சுமார் 7.7 சதவீதம். என் 21 மணி நேரத்தில் நாலு மணி நேரத்தை எடுத்து நாலு இடத்தில் வட்டி விசாரித்திருந்தால், வாழ்நாள் முழுக்க அந்த பங்கில் வரிசையில் நின்றாலும் கிடைக்காத பணம் கிடைத்திருக்கும். நான் விசாரிக்கவில்லை. முதலில் போன இடத்தில், முதலில் சொன்ன வட்டிக்குச் சரி என்றேன். அன்றைக்குத் திரும்பி வரும் வழியில் அந்த பங்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டுதான் வந்திருப்பேன்.

நேரம் பணத்துக்குச் சமம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 1748-இல் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், சொந்தத் தொழில் செய்யும் ஓர் இளைஞனுக்கு எழுதிய அறிவுரையில் அதைச் சொன்னபோது, ஒரு நாள் உழைப்பால் பத்து ஷில்லிங் சம்பாதிக்கக்கூடியவன் அரை நாள் சும்மா இருந்தால் ஐந்து ஷில்லிங்கை இழக்கிறான் என்று கணக்கும் காட்டினார். அது தன் நேரத்தை அப்படியே விற்கக்கூடியவனுக்குச் சொன்ன கணக்கு. மாதச் சம்பளக்காரியான எனக்கு மாலை ஏழு மணியை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. தம்பி இதைத்தான் பிடித்துக்கொண்டான். "அக்கா, அந்த 25 நிமிடத்தில் உனக்கு யார் சம்பளம் கொடுக்கப்போகிறார்கள்? வீட்டுக்கு வந்தால் கைபேசியைத்தானே பார்க்கப்போகிறாய்?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். சில நாட்கள் அப்படியும் ஆகும். ஆனால் விற்க முடியாத நேரம் என்பதாலேயே அதற்கு மதிப்பில்லை என்று ஆகிவிடாது. மகளின் மாலை நேரத்தையும் யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள்.

என் பேச்சு எல்லோருக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாடகை வண்டி ஓட்டுபவர் ஒரு நாளைக்கு 15 லிட்டர் எரிக்கிறார் என்றால், அதே இரண்டு சதவீதம் அவருக்கு 300 நாளில் 90 லிட்டர். ஊர் முழுக்கச் சுற்றுபவர் என்பதால் விலை குறைந்த பங்கு பெரும்பாலும் அவர் போகும் வழியிலேயே வந்துவிடும். அவருடைய கணக்கு வேறு. மாதக் கடைசியில் கையில் இருப்பதை எண்ணி எண்ணிச் செலவழிப்பவரின் கணக்கும் வேறு. நேரத்தைக் கொடுத்துப் பணத்தைக் காப்பாற்றுவதைத் தவிர அவருக்கு வழியில்லை. அவரிடம் போய் நேரத்தின் அருமையைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. நான் பேசுவது என்னைப் போன்றவர்களிடம். முடை இல்லாமலே முடைப்பட்டவர்களைப் போல அலைகிறவர்களிடம்.

இருசக்கர வண்டிக்காரர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். நாலு லிட்டர் போடும் வண்டியில் இரண்டு சதவீதம் என்பது 0.08 லிட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடினாலும் அது 3.6 கிலோமீட்டருக்குத்தான் காணும். பங்கு 1.8 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தால், போய் வருவதற்குள் மிச்சம் முழுவதும் எரிந்துவிடும்.

நோட்டை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று தெரியும். சிறுதுளி பெருவெள்ளம் என்பதை மந்திரம்போல நம்புகிறவர். "சேமிப்பு ஒரு பழக்கம் அம்மா. ஓர் இடத்தில் விட்டால் எல்லா இடத்திலும் விட்டுவிடுவாய்" என்றார். அதில் உண்மை இருக்கிறது, இப்போதும் அதை நான் மறுக்கவில்லை. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் கணக்கை வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தார். என் வகுத்தலை ஓரத்தில் பென்சிலால் இன்னொரு முறை போட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது. ஆனாலும் நோட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "வருடத்துக்கு 300 கிலோமீட்டர் கூடுதலாக ஓட்டியிருக்கிறாய். தேய்மானத்தை எங்கே காணோம்? டயர், ஆயில், பிரேக் எல்லாம் சும்மாவா வருகிறது?" என்றார். அதை நான் யோசிக்கவே இல்லை. அவரே ஒரு தொகையை எழுதி, கூட்டி, கழித்தார். பத்து லிட்டரிலும் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை. நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

அப்பா சொன்ன பழக்கத்தை விடக்கூடாது என்பதால், அதை வேறு பக்கம் திருப்பியிருக்கிறேன். நேரம் கேட்காத சேமிப்பு எவ்வளவோ இருக்கிறது. டயரில் காற்று குறைந்தால், ஒவ்வொரு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) குறைவுக்கும் சுமார் 0.2 சதவீதம் மைலேஜ் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. நாலு டயரிலும் பத்து பி.எஸ்.ஐ. குறைவாக ஓட்டினால் நான் தேடி அலைந்த அந்த இரண்டு சதவீதம் அங்கேயே போய்விடுகிறது. மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் போதும். டிக்கியில் மாதக்கணக்காகக் கிடந்த பழைய சாமான்களை இறக்கினேன். நீளமான சிக்னலில் எஞ்சினை அணைக்கிறேன். ஒருமுறை வட்டி விசாரித்துக் கடனை மாற்றுவது, பார்க்காத சந்தாக்களை நிறுத்துவது, இவையெல்லாம் ஒரு நாள் வேலை, பலன் வருடக்கணக்கில் வந்துகொண்டிருக்கும்.

அதிகாலையில் பெட்ரோல் போட்டால் அடர்த்தி அதிகம், லாபம் என்று விடியும் முன்பே கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். பெட்ரோல் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.1 சதவீதம்தான் விரியும். அதுவும் நிலத்தடித் தொட்டியில் இருப்பதால் இரவுக்கும் பகலுக்கும் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை. தயவுசெய்து அந்த நேரம் தூங்குங்கள்.

இப்போது வழியிலேயே இருக்கும் பங்கில் போடுகிறேன். நோட்டில் இன்னமும் எழுதுகிறேன், "நேரம்" என்று ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டிருக்கிறேன். பெரும்பாலும் நாலு நிமிடம், ஐந்து நிமிடம்.

அப்பா மட்டும் அந்தத் தூரத்து பங்கை விடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவர் தன் ஸ்கூட்டரை எடுத்தபோது மகளும் பின்னால் ஏறிக்கொண்டாள். நான் தடுக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வந்தார்கள். வரிசையில் அவர்களுக்கு முன்னால் 22 வண்டிகள் இருந்ததாம். ஒவ்வொரு வண்டிக்கும் எத்தனை லிட்டர் போடுவார்கள் என்று இருவரும் முன்கூட்டியே சொல்லிப் பார்த்தார்களாம். ஒன்பது தடவை அவள் சொன்னது சரியாக இருந்தது என்றாள். தாத்தாவுக்கு ஏழுதான்.